உறக்கம் என்று எண்ணிவிட வேண்டா

மார்கழி பிறந்துவிட்டால் போலாரத்தில் விடியற்காலைப் பனி வீட்டு வாயில்வரை வந்து நிற்கும். தக்காண மேட்டுநிலத்தில் அமைந்த ஊர் ஆதலின் இங்கே குளிர் சென்னையைப் போன்றதன்று. குடியரசுத் தலைவர் குளிர்காலத்தில் வந்து தங்கும் இராஷ்டிரபதி நிலையம், ஒரு காலத்தில் ஆங்கில ரெசிடெண்டுக்கு உரிய மாளிகையாய், நம் ஊரிலேயே எழுந்தது. பாளையங்களை நம்பி வந்து குடியேறிய நம் முன்னோரும் இவ்வூரின் காற்றைப் புகழ்ந்தே கடிதம் எழுதியிருப்பர். ஆனால் ஈளையும் இழைப்பும் உடைய முதியோருக்கு இக்குளிர் நல்லதன்று. தை பிறக்கும்வரை அவர்கள் இருக்கும் வீடுகளில் இரவு நீண்டதாகவே கழியும்.

அத்தகைய இரவு ஒன்றில் நாம் செய்த பிழையை முதலில் கூறிவிடுகிறோம். நம் அத்தையாருக்கு அப்போது 68 வயது. புகையிலை தொட்டறியாதவர், எனினும் இளமையிலிருந்து நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்து ஊதியவர். அப்புகையே அவர் மார்பைக் கெடுத்துவிட்டது என்று மருத்துவர் முன்னரே கூறியிருந்தார். 2021 ஆம் ஆண்டு மார்கழியில் சளி கண்டு மூச்சு வாங்கத் தொடங்கியது. கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல்மாட்டிக் கருவி வீட்டில் இருந்தது. வாடகைக்கு எடுத்த பிராணவாயுக் கருவியும் இருந்தது. மருத்துவர் குறித்துத் தந்த அளவு நிமிடத்துக்கு 1 லிட்டர். விரலில் மாட்டிப் பார்த்தால் 86 என்று காட்டவே, நாம் அஞ்சி அதனை 4 லிட்டராகத் திருப்பினோம். எண் 97 ஆயிற்று. மகிழ்ந்தோம். இரண்டு இரவுகளாய் உறங்காதவர் ஆயிற்றே என்று நமக்கு முன்பு எழுதித் தந்திருந்த தூக்க மாத்திரை ஒன்றையும் கொடுத்தோம். அத்தையார் படுக்கும் முன் நம்மைப் பார்த்து, இறந்துபோன தம் தமையனாரின் பெயரைச் சொல்லி அழைத்தார். வயதாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டோம். சற்று நேரத்தில் இழைப்பு அடங்கியது, ஆழ்ந்து உறங்கினார், குறட்டையும் கேட்டது. "அப்பாடா, இன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்" என்று வீட்டார் விளக்கை அணைத்தனர்.

காலையில் எழுப்பினால் கண் திறக்கிறார், மறுகணமே மூடிவிடுகிறார். கைகள் வெதுவெதுப்பாய், நெற்றியில் வியர்வை. கருவியோ அப்போதும் 96 என்று நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர், மணிக்கட்டில் ஓடும் தமனியிலிருந்து சிறிது இரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் முடிவைக் காட்டினார். பிராணவாயு போதிய அளவு இருந்தது. கரியமில வாயு 88, பி.எச். 7.21. "அம்மா தூங்கவில்லை, கரியமில வாயு ஏறி மயங்கிக் கிடக்கிறார்" என்று அவர் தெலுங்கில் கூறியதை இன்றும் நாம் மறந்தோமில்லை.

அவ்வெண்களின் பொருளை அறிந்தால்தான் மற்றவை விளங்கும். உண்ட உணவு உடலில் எரியும்போது கரியமில வாயு இடைவிடாது உண்டாகிறது. அது இரத்தத்தில் கரைந்து ஓர் எளிய அமிலமாகிறது. சோடாக் குப்பியில் அடைத்த அதே புளிப்பு என்று கொள்ளலாம். மூச்சை வெளிவிடும்போதெல்லாம் அவ்வாயு வெளியேறுகிறது. எனவே நுரையீரல் பிராணவாயுவை உள்ளே கொணரும் வாயில் மட்டுமன்று, அமிலத்தை வெளியே தள்ளும் வாயிலும் ஆகும். இரத்தத்தின் அமில காரநிலையைப் பி.எச். என்னும் எண்ணால் அளப்பர். அது 7.35 முதல் 7.45 வரை என்னும் மிகக் குறுகிய வரம்புக்குள் நிற்றல் வேண்டும். தமனி இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம். மூச்சு போதாமல் வாயு தேங்கினால் பி.எச். கீழிறங்கி இரத்தம் அமிலப்பக்கம் சாயும். அளவுக்கு மீறி மூச்சு விட்டு வாயு கழிந்துபோனால் பி.எச். மேலேறிக் காரப்பக்கம் சாயும். இரண்டும் மூச்சினால் நேரும் கேடுகளே; ஆயினும் அவற்றின் தோற்றம் ஒன்றுக்கொன்று நேர்மாறு.

சிறுநீரகங்கள் சும்மா இருப்பதில்லை. வாயு பல நாள் தேங்கி நின்றால், மூன்று முதல் ஐந்து நாள்களில் காரச்சத்தைச் சேர்த்து வைத்து அமிலத்தை ஈடுகட்ட முயலும். இதனால்தான் நெடுநாள் மார்பு நோயுடையோர் கரியமில வாயு மிகுந்தும் நடமாடுகின்றனர். அவர்கள் கரையோரம் நிரம்பிய ஏரி போன்றவர்கள். ஒரு சளி, ஒரு காய்ச்சல், ஒரு தூக்க மாத்திரை போதும், கரை உடைய.

அமிலம் ஏறும்போது தோன்றும் குறிகளை வீட்டார்தாம் முதலில் காண்பர். மருத்துவர் காண்பதற்குள் பாதி இரவு கழிந்துவிடும். முதற்குறி காலைத் தலைவலி. உறக்கத்தில் எவருக்கும் மூச்சு சற்று ஆழம் குறையும். நோயாளிக்கோ மிகவும் குறைகிறது. தேங்கிய வாயு மூளையின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. விடிந்து எழுந்தவுடன் தலை கனக்கிறது. எழுந்து அமர்ந்து சிறிது நேரம் மூச்சு விட்டால் குறைகிறது. பித்தம் என்றும், காப்பி தாமதமாயிற்று என்றும் நாம் இதனைத் தள்ளிவிடுகிறோம். அடுத்து, இரவில் விழிப்பும் பகலில் தூக்கமும். சோற்றைப் பிசைந்தபடியே கண் அயர்வார். பேச்சின் நடுவே தலை சாய்வார். பிறகு குணம் மாறும். சாந்தமானவர் எரிந்து விழுவார், பேரனின் பெயர் தவறும், கிழமை மறக்கும், இல்லாதவரை இருப்பதாக அழைப்பார். இதனை முதுமையின் மறதி என்று கொள்வதே பெரிய ஏமாற்றம். முதுமையின் மறதி மாதக் கணக்கில் வருவது; இதுவோ நேற்று இல்லாமல் இன்று வருவது.

உடலிலும் அடையாளம் உண்டு. கை கால் சில்லிடுவதற்கு மாறாக வெதுவெதுப்பாய் இருக்கும். நாடி துள்ளி அடிக்கும். கண்களில் சிவப்பு ஓடும், வியர்க்கும். மருத்துவர் செய்யும் ஒரு சோதனையை வீட்டிலும் செய்து பார்க்கலாம். இரு கைகளையும் முன்னே நீட்டி, வண்டியை நிறுத்தச் சொல்பவர்போல் மணிக்கட்டை மேல்நோக்கி மடித்து, விரல்களை விரித்து அரை நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். வாயு மிகத் தேங்கியிருந்தால் கை நிலைத்து நில்லாது. பறவை சிறகடிப்பதுபோல் மணிக்கட்டு விழுந்து விழுந்து எழும். குளிர் நடுக்கம் வேறு, இது வேறு. ஒருமுறை கண்டவர் மறவார். கை அடிக்கவில்லை என்பதனால் ஆபத்து இல்லை என்றும் முடிவு கட்டிவிடலாகாது. இவற்றுக்குப்பின் வருவது அந்த 'நிம்மதியான' உறக்கம். இழைப்பு நோயாளி திடீரென அமைதியானால், நோய் தணிந்து அமைதியானாரா, மூச்சு விடும் தசைகள் சோர்ந்து அமைதியானாரா என்று அறியவேண்டும். எழுப்பினால் தெளிவாய் விழித்து, நாம் கேட்டதற்கு முழு வாக்கியமாய் விடை சொன்னால் அது உறக்கம். விழிக்காவிட்டாலோ, விழித்தும் குழறினாலோ, அதனை உறக்கமென்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

ஆஸ்துமாவில் இம்மாற்றம் சில மணி நேரத்திலேயே நடந்து முடியும். தொடக்கத்தில் நோயாளி விரைந்து மூச்சு விடுவதால் கரியமில வாயு குறைந்தே இருக்கும். தசை களைக்கக் களைக்க அது இயல்பளவுக்கு ஏறும். அந்த 'இயல்பு' நல்ல செய்தியன்று; அதற்குமேல் ஏறப்போகிறது என்பதன் முன்னறிவிப்பே அது. மார்பில் கேட்ட சீழ்க்கை ஒலி நின்றுவிடுதலும் அவ்வாறே: உள்ளே செல்லும் காற்றே குறைந்துவிட்டது. ஐதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் மிருகசீரிடக் கார்த்தி நாளில், விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து விழுங்கச் செய்யும் வழக்கத்தை நம் வாசகர் பலரும் அறிவர். வரிசையில் நின்றவர்களும் நம்மில் உளர். அந்நம்பிக்கையைப் பற்றி ஈண்டு நாம் வழக்காடப் போவதில்லை. எந்த மருந்தை உண்டவராயினும், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல இயலாதவர் அன்றிரவே மருத்துவமனையில் இருக்கவேண்டியவர்.

விரல்மாட்டிக் கருவியைப் பற்றி ஒரு சொல். அது பயனுள்ளதே. ஆனால் அது காட்டுவது பிராணவாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மட்டும். கரியமில வாயுவைப் பற்றி ஒன்றும் கூறாது. பிராணவாயுக் குழாய் பொருத்தியவருக்கு எண் 97 என்று ஒளிர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே அமிலம் ஏறிக்கொண்டே இருக்கும். வாயு தேங்கும் இயல்புடைய மார்பு நோயாளிக்கு 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என்று மருத்துவர் இலக்குக் குறிப்பர். நூற்றை எட்டவேண்டும் என்னும் ஆசை, தேர்வு மதிப்பெண்ணில் நம்மவர்க்கு உள்ள ஆசையின் தொடர்ச்சி போலும். அதற்காக மூச்சுத் திணறுபவரிடமிருந்து குழாயைப் பிடுங்கிவிடவும் கூடாது. பிராணவாயு அறவே குறைந்தால் உயிர் அதைவிட விரைந்து போகும். குறித்த அளவை நாமாகக் கூட்டாமலும் நிறுத்தாமலும் உடனே மருத்துவரைக் கேட்பதே முறை. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, மது, இம்மூன்றும் மூச்சின் விசையைத் தணிப்பவை; இத்தகைய நோயாளியின் படுக்கையருகே அவற்றை வைத்திருத்தலே தகாது.

நாம் மட்டுமே ஏமாந்தோம் என்று வருந்தியிருந்த காலத்தில், பேர்பெற்ற மருத்துவர்களே இதில் ஏமாந்த வரலாறு ஒன்றைப் படித்தோம். 1952 ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பெருநோயாய்ப் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசை செயலிழந்த முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர். அவர்கள் வியர்த்தனர், இரத்த அழுத்தம் ஏறியது, பின் மயங்கி இறந்தனர். நச்சுயிரி மூளையைத் தாக்கிவிட்டது என்று எண்ணினர். இரத்தத்தில் காரச்சத்து மிகுந்திருந்ததால் காரநோய் என்றும் கருதினர். மயக்க மருந்து வல்லுநரான பியோர்ன் இப்சன் என்பவர்தாம் அதனை வேறாகக் கண்டார்: காரச்சத்து மிகுந்தது தேங்கிய கரியமில வாயுவை ஈடுகட்ட, இவர்கள் அமிலத்தில் மூழ்கி இறக்கிறார்கள் என்றார். ஆகஸ்டு 27 ஆம் நாள், மூச்சு முட்டிய 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டினார். வாயு வெளியேறியது, சிறுமி தேறினாள். இயந்திரங்கள் போதாமையால் சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் அருகே அமர்ந்து கைகளால் பையை அழுத்தினர். நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டிருந்த இறப்பு, பாதியளவாய்க் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று எல்லா ஊரிலும் வழங்கும் அமைப்பு அங்கிருந்தே கிளைத்தது. இரத்தத்தின் பி.எச். அளக்கும் கருவியும் அவ்வாண்டுக்குப் பிறகே மருத்துவமனைகளில் பரவலாயிற்று.

மூச்சைக் கவனி என்னும் பாடம் நம் ஐதராபாத்துக்கும் புதிதன்று. 1888, 1889 ஆகிய ஆண்டுகளில் இங்கே இரண்டு குளோரோபாரம் ஆய்வுக் குழுக்கள் அமர்ந்தன. ரெசிடென்சி மருத்துவரான எட்வர்டு லாரி அவற்றை முன்னின்று நடத்தினார். ஆறாம் நிஜாம் மகபூப் அலிகான் பொருளுதவி செய்தார். இலண்டனிலிருந்து லாடர் பிரண்டன் வந்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளை ஆராய்ந்து, குளோரோபாரம் முதலில் மூச்சையே நிறுத்துகிறது, ஆகவே மயக்கம் கொடுப்பவர் மூச்சின்மேல் கண்ணாய் இருக்கட்டும் என்றனர். இதயத்துக்குத் தீங்கில்லை என்று அவர்கள் கூறியது பிழை. 1911 இல் குட்மன் லெவி என்பவர் அம்மருந்து இதயத் துடிப்பையும் சிதறடிக்கும் என்று காட்டினார். மூச்சைப் பார் என்ற பகுதியோ இன்றும் நிற்கிறது.

நிற்க. மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அச்சம், துக்கம், பரபரப்பு இவற்றால் சிலர், சிறப்பாக இளையோர், தம்மை அறியாமலே விரைந்து மூச்சு விடுவர். கரியமில வாயு கழிந்து இரத்தம் காரப்பக்கம் சாயும். வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வதுபோல் கூசும், தலை சுற்றும், மார்பு இறுகும், மிகுந்தால் விரல்கள் ஒன்றுகூடிக் குவிந்து கை முறுக்கிக்கொள்ளும். இரத்தத்தில் இயங்கு நிலையிலுள்ள கால்சியம் குறைவதே முறுக்குக்குக் காரணம். காண்பவர்க்கு வலிப்பு என்றோ, பேய் பிடித்தது என்றோ தோன்றும். அருகே அமர்ந்து, கையைப் பற்றி, மெல்ல மூச்சை வெளிவிடச் செய்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சுவிடச் செய்யும் பழைய வழக்கத்தை இன்று மருத்துவர் பரிந்துரைப்பதில்லை. காரணம் நுரையீரல் நோயாகவோ மாரடைப்பாகவோ இருந்துவிட்டால் அப்பை உயிருக்கே உலை வைக்கும். நிமோனியாக் காய்ச்சலும், நுரையீரல் குழாயில் இரத்தம் உறைதலும் விரைந்த மூச்சாகவே தொடங்குகின்றன. ஆதலின் முதன்முறை வந்த விரைமூச்சை 'பயம்தான்' என்று வீட்டார் தீர்மானித்தல் கூடாது.

நீரிழிவுடையார் இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று அரிது என்பதால் இதனையும் சேர்க்கிறோம். இன்சுலின் நின்று போனவர், வாந்தியும் தாகமுமாய், நீண்ட ஆழ்ந்த பெருமூச்சாய் விட்டுக்கொண்டிருந்தால் அதனை அடக்கச் சொல்லாதீர்கள். அவர் இரத்தத்தில் வேறு அமிலங்கள் பெருகியிருக்கின்றன. நுரையீரல் கரியமில வாயுவைக் கழித்து அதனை ஈடுகட்டப் பாடுபடுகிறது. மூச்சில் அழுகிய பழத்தின் வாடை வருதலும் உண்டு. இங்கு மூச்சு நோயன்று, காவல். மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே வழி.

கட்டுவிரியன் தீண்டியவருக்கு முதலில் கண்ணிமை சரியும். அடுத்து மூச்சுத் தசையே சோரும். மிகப் பருத்த உடலினர் உறக்கத்தில் மூச்சு தடைப்பட்டுக் குறட்டை விட்டுக் காலையில் தலைவலியோடு எழுதலும் இந்த அமிலக் கணக்கில் சேர்ந்ததே. இவற்றை மற்றொரு சமயம் விரிப்போம்.

ஆபத்து என்று தெரிந்தபின் என்ன செய்வது? 108 வண்டியை அழைக்க வேண்டும். 2005 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள் இந்த ஐதராபாத்தில் தொடங்கியே அது நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவியது. போலாரத்திலிருந்து காந்தி மருத்துவமனை பத்துக் கிலோமீட்டருக்கு மேல். எர்ரகட்டா மார்பு நோய் மருத்துவமனையும் அருகில் இல்லை. எனவே 'விடியட்டும்' என்னும் சொல்லுக்கு இங்கே இடமில்லை. வண்டி வரும்வரை நோயாளியைச் சாய்த்து அமர்த்துக. மயங்கியவராயின் ஒருபுறமாய்த் திருப்பிப் படுக்கவைக்க. வாயில் காப்பி, கஷாயம் எதுவும் ஊற்றாதீர்கள். உண்ட மருந்துகளின் அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை கொடுத்திருந்தால் மறைக்காமல் கூறுங்கள். நாம் முதலில் மறைத்தோம். கால்மணி நேரம் வீணாயிற்று.

தொலைபேசியில் பேசுவதற்கும் ஒரு குறிப்பு. அண்மையில் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் தெலுங்கு தெரியாமல் தடுமாறுகின்றன. தமிழில் ஆயாசம் என்றால் களைப்பு. தெலுங்கில் ஆயாசம் என்றால் மூச்சுத் திணறல். அதே சொல்லைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் 'நித்ர' என்று சொல்லிவிடாதீர்கள். அது வெறும் உறக்கம். 'மத்துகா உன்னாரு' என்றால் மயக்கத்தில் கிடக்கிறார் என்பது பொருள். கேட்பவர் உடனே எழுந்து நிற்பார்.

அத்தையாருக்கு அன்று குழாய் செருகும் நிலை நேரவில்லை. மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி வழியே அழுத்தத்துடன் காற்றைத் தள்ளும் பைபாப் கருவியைப் பொருத்தினர், பிராணவாயுவைக் குறைத்தனர். நான்கு மணி நேரத்தில் பி.எச். 7.30 ஆயிற்று. மாலையில் கண் விழித்து, "தம்பி, அடுப்பை அணைத்தாயா?" என்று நம்மைக் கேட்டார். அதன்பின் இரண்டு ஆண்டுகள் எம்மோடு இருந்தார். இரவுதோறும் அக்கருவியைப் பொருத்திக்கொள்ளும்போது அதன் நெளிந்த குழாயை 'யானைத் துதிக்கை' என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவார். காலையில் எழுந்ததும் நாம் கேட்கும் முதற்கேள்வி, தலை வலிக்கிறதா என்பது. அவர் கேட்பது, காப்பி ஆயிற்றா என்பது.